இரைச்சல் என்று ஒதுக்கியிருந்தால்?

கடல் உயிரியலாளர் சாலி சிஸ்ஹோம் ஆராய்ச்சி பற்றிய உங்கள் கட்டுரை நன்று, ஆனால் புரோகுளோரோகாக்கஸ் என்கிற நுண்ணிய கடல் பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்ட கதையை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே, சுவாரசியமே அதில்தானே இருக்கிறது! ரத்த அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு எண்ணுகிற ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியை 1980களில் அவரும் சக ஆய்வாளர் ராபர்ட் ஓல்சனும் கப்பலில் ஏற்றிக் கடல்நீரை அதில் ஓடவிட்டார்கள். திரையின் ஓரத்தில் தெரிந்த மங்கலான சிவப்பு ஒளிர்வை முதலில் கருவியின் இரைச்சல், அதாவது அர்த்தமில்லாத சமிக்ஞை என்றுதான் நினைத்தார்கள். நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். அவர்கள் விடவில்லை, ஆழத்துக்கு ஏற்ப அந்தச் சமிக்ஞை மாறுவதைக் கவனித்து, அது பச்சையம் உள்ள உயிர் என்று 1988இல் எழுதினார்கள். ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லாத பாக்டீரியா, வெப்பமண்டலக் கடலில் ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் வரை இருக்கும்.

அப்புறம் வைரஸ் விஷயம். இந்தப் பாக்டீரியாவைத் தாக்கும் சில வைரஸ்கள் ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்களையே சுமந்து வருகின்றன. செல் சாகும்வரை சூரிய ஒளியில் வேலை செய்தால்தானே வைரஸ் பெருக முடியும், என்ன கணக்கு பாருங்கள்.

ஒரே ஒரு திருத்தம். 'நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பாதி கடல் தருவது' என்று கட்டுரையில் வருவது சரியல்ல. உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில் நடக்கிறது, சரி, ஆனால் அதில் வரும் ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கடல் உயிர்களே சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன.