ஒரு ஆக்ஸ் ஓட்டை வைக்க உங்களுக்கு என்ன வலிக்கிறது?

பத்து லட்சத்துக்கு மேல் கொட்டிக் கொடுத்து வாங்கிய காரில், என் மியூசிக் பிளேயரை வயர் போட்டுச் சொருக ஆக்ஸ் என்கிற ஒரு ஓட்டை கிடையாது. வெறும் 3.5 மில்லிமீட்டர். அதைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் கைரேகை படிகிற பளபளப்பு பிளாஸ்டிக்கை ஒட்டி வைத்திருக்கிறார்கள். டெலிவரி அன்று கேட்டேன். "இப்போல்லாம் யாரு சார் ஆக்ஸ் யூஸ் பண்றாங்க? எல்லாமே வயர்லெஸ்தான் சார்" என்றார் ஷோரூம் தம்பி. நான் பண்றேன் தம்பி. என்னை மாதிரி நிறைய பேர் பண்றாங்க. எங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அந்தச் சின்ன பிளக் லேசுப்பட்டது இல்லை. 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் இணைப்புக் கொடுக்கச் சொருகிய பெரிய பிளக்கைச் சுருக்கிச் சுருக்கி வந்ததுதான் அது. டிரான்சிஸ்டர் ரேடியோவில் இருந்தது, 1979இல் வந்த முதல் வாக்மேனில் இருந்தது, 2001இல் வந்த முதல் ஐபாடில் இருந்தது. எந்தக் கம்பெனி செய்ததையும் எந்தக் கம்பெனி செய்ததோடும் சேர்க்கலாம். ஒரு முனை பிளேயரில், இன்னொரு முனை காரில், முடிந்தது வேலை. பாஸ்வேர்டு கேட்காது, அப்டேட் கேட்காது, நீ யார் என்று கேட்காது. சார்ஜ் போட்டுக்கொண்டே ஆக்ஸில் கேட்டால் ஒரு கீச்சுச் சத்தம் வரும், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும், உண்மைதான். பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் சத்தம் கிரவுண்ட் வயர் வழியாக உள்ளே வருவது அது. அதைத் தடுக்க வயருக்கு நடுவில் மாட்டுகிற ஒரு குட்டி ஐசொலேட்டர் போதும். ஓட்டையையே அடைக்க வேண்டியதில்லை.

சரி, வயர்லெஸ் என்கிறீர்களே, அந்த லட்சணத்தைப் பார்ப்போம். என் பிளேயரில் புளூடூத் இல்லை, பாட்டுக்காக மட்டுமே செய்த பழைய பொருள். அதற்கு ஒரு புளூடூத் டிரான்ஸ்மிட்டர் வாங்கி மாட்டினேன். கார் என்ன செய்கிறது? திரையில் ஆறு இலக்க எண்ணைக் காட்டி, இதே எண் உங்கள் போனிலும் தெரிகிறதா, ஓகே கொடுங்கள் என்கிறது. அந்த டிரான்ஸ்மிட்டரில் திரையே கிடையாதே, எங்கே போய் ஓகே கொடுப்பது? புளூடூத் உள்ள எது வந்தாலும் அது போனாகத்தான் இருக்க வேண்டும் என்று இவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். போனையே இணைத்தாலோ, அடுத்த கேள்வி: காண்டாக்ட்ஸ் எல்லாம் எடுத்துக்கொள்ளலாமா? கால் ஹிஸ்டரி பார்க்கலாமா? பாட்டு கேட்க வந்தவனிடம் மாமனார் நம்பர் எதற்கு?

இவ்வளவுக்குப் பிறகு வருகிற சத்தமாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. சிடியில் இருப்பது நொடிக்கு 1,411 கிலோபிட். புளூடூத்தில் எல்லாக் கருவியும் கட்டாயம் ஆதரிக்க வேண்டிய, பாட்டைச் சுருக்கி அனுப்புகிற எஸ்பிசி என்கிற முறையில், நல்ல தரம் என்று சொல்லப்படுவதே 328 கிலோபிட்தான். நான் பொறுமையாக உட்கார்ந்து தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாக மாற்றி வைத்திருப்பதை மறுபடி நசுக்கித்தான் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. கஞ்சிராவின் அதிர்வும் தம்புராவின் கார்வையும்தான் முதலில் அடிபடுகின்றன. இன்னொரு கொடுமை, காரை ஸ்டார்ட் செய்தவுடன் வீட்டுக்குள் இருக்கிற மனைவியின் போன் போய் ஒட்டிக்கொள்வது. அவர் அடுப்படியில் நின்று அவர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பார், அந்தப் பக்கத்துக் குரல் போர்ட்டிகோவில் என் டேஷ்போர்டில் வரும். ஒரு வயர் இருந்த காலத்தில் இப்படி நடந்திருக்குமா?

எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் போடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகுவது. ஏதாவது காலி அலைவரிசையில் அது பாட்டை அனுப்பும், கார் ரேடியோ பிடிக்கும். சென்னையில் காலி அலைவரிசையைத் தேடிப் பாருங்கள். 91.1இல் ஒரு நிலையம், 92.7இல் ஒன்று, 93.5இல் ஒன்று, 98.3, 101.4, 106.4 என்று வரிசையாக ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். இடுக்கில் ஒரு இடம் பிடித்து வைத்தால், மேம்பாலம் ஏறும்போது ஆலாபனைக்கு நடுவில் நகைக்கடை விளம்பரம் நுழையும்.

அடுத்தது யூஎஸ்பி. இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

பிளேயரைச் சொருகினால் சார்ஜ் மட்டும் ஏறும். காருக்குத் தெரிந்தது பென்டிரைவ் மட்டுமே. சரி, பென்டிரைவிலேயே ஏற்றுவோம் என்றால், 64 ஜிபி டிரைவ் கடையிலிருந்து வரும்போதே, கோப்புகளை அடுக்கி வைக்கிற எக்ஸ்ஃபேட் என்கிற முறையில் ஃபார்மட் ஆகி வருகிறது, அது இந்த ஸ்டீரியோவுக்கு ஆகாது. அதற்கு வேண்டியது ஃபேட்32, 1996இல் வந்த சரக்கு. எக்ஸ்ஃபேட்டின் முழு விவரத்தையும் 2019லேயே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுவிட்டது. அதற்குப் பிறகு செய்த கார் இது! ஃபேட்32க்கு மாற்ற விண்டோஸில் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் போனால், 32 ஜிபிக்கு மேல் அந்த வாய்ப்பே நமக்குக் காட்டியதில்லை. தனியாக ஒரு மென்பொருள் தேட வேண்டியிருந்தது. கார் வாங்கியவன் எல்லாம் கம்ப்யூட்டர் மெக்கானிக்காக வேண்டுமா?

மாற்றி, ஏற்றி, சொருகியாயிற்று. இப்போது வரிசை. ஒரு முழுக் கச்சேரியை ஏற்றியிருந்தேன். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிய வேண்டும். இந்தப் பெட்டி எடுத்த எடுப்பில் மங்களத்தைப் பாடுகிறது. சில ஸ்டீரியோக்கள் பெயரையே பார்ப்பதில்லை, எந்தக் கோப்பு முதலில் காப்பி ஆனதோ அதுதான் முதல் பாட்டு. பெயரைப் பார்க்கிறவையோ 1க்கு அடுத்து 10, 11, 12 என்று போய்விட்டு அப்புறம் 2க்கு வரும். ராகம் ஒரு கோப்பு, தானம் ஒரு கோப்பு, பல்லவி ஒரு கோப்பு என்று இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வெட்டு. தானம் உச்சத்தில் நின்று பல்லவிக்குள் இறங்குகிற அந்தக் கணத்தில் கரண்ட் போனதுபோல் ஒரு மௌனம். பாடியவர் அப்படியா பாடினார்? என் பிளேயர் இடைவெளியே இல்லாமல் பாடுகிறது. அதன் விலை இந்த ஸ்டீரியோ விலையில் ஒரு துளி.

இதையும் பொறுத்துக்கொள்வேன். தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டுவதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. என் கோப்புகளுக்கெல்லாம் தமிழில்தான் பெயர். பாடியவர் பெயர், ராகம், ஊர், எல்லாம் தமிழில். திரை முழுக்க வெறும் பெட்டிகள்! பெட்டி பெட்டி பெட்டி டாட் எம்பி3. எது தோடி, எது காம்போதி என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? நண்பரின் காரில் எழுத்து வருகிறது, ஆனால் "கோ" என்று எழுதினால் ககரம் முன்னால் போய் நிற்க, கொம்பும் காலும் பின்னால் தனித்தனியாகத் தொங்குகின்றன. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991லேயே, தமிழ் இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய் போன் ஒழுங்காகக் காட்டுகிறது. இந்தக் கார்கள் எங்கே செய்யப்படுகின்றன? ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வரிசையாகத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. தமிழ் பேசுகிற பிள்ளைகள் ஷிப்ட் பார்த்துக் கார் பூட்டுகிறார்கள், எண்ணூரிலிருந்து உலகம் பூராவும் கப்பலேறிப் போகிறது. அப்படிப்பட்ட ஊரில் விற்கிற காரின் திரையில் ஒரு தமிழ் எழுத்துரு ஏற்றி வைக்க மனம் வரவில்லை. சில மெகாபைட்கூட ஆகாது அது. இது தொழில்நுட்பச் சிக்கலே இல்லை. கேட்பார் யாரும் இல்லை என்கிற தெனாவெட்டு.

உடனே ஒருவர் வருவார். "ஏன் சார் இவ்ளோ கஷ்டம், ஆப்ல எல்லாப் பாட்டும் இருக்கே?" எல்லாப் பாட்டும் இல்லை ஐயா. என்னிடம் இருப்பதில் பாதி எந்த ஆப்பிலும் இல்லை. ஊர்க் கோயில் கொடையில் யாரோ டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்த வில்லுப்பாட்டு இருக்கிறது. விடிய விடிய வாசித்த நாதஸ்வரக் கச்சேரிகள் இருக்கின்றன, அவற்றை வாசித்தவர்கள் பலர் இன்றைக்கு இல்லை. கேசட் பூஞ்சை பிடிப்பதற்குள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காப்பாற்றியவை அவை. எந்தக் கம்பெனியிடமும் மாதச் சந்தா கட்டிக் கேட்கக் கூடியவை அல்ல. இருக்கிற பாட்டுக்கே வருவோம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுங்கள், நடுவில் சிக்னல் செத்துப்போகும். ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும். என் பிளேயர் பாடிக்கொண்டிருந்திருக்கும், சொருக ஒரு இடம் மட்டும் விட்டு வைத்திருந்தால்.

முன்பெல்லாம் இதற்கு வழி இருந்தது. ஸ்டீரியோ பிடிக்கவில்லையா, கழற்றிப் போடு. 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று உலகம் முழுக்க ஒரே அளவு. எந்தக் கம்பெனி ஸ்டீரியோவும் எந்தக் காரிலும் உட்காரும். கார் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் வண்டியை நிறுத்தினால் டீ குடித்து முடிப்பதற்குள் மாற்றிக் கொடுப்பார்கள். இப்போது அதே ரோட்டுக்குப் போய்க் கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார். "இந்த ஸ்கிரீன்லதான் ஏசி இருக்கு, ரிவர்ஸ் கேமரா இருக்கு, எல்லா செட்டிங்கும் இருக்கு அண்ணே. கழட்டுனா ஒண்ணும் வேலை செய்யாது." உள்ளே போர்டில் ஒரு ஆக்ஸ் வயராவது இழுக்க முடியுமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டேன். வயரிங்கில் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்றார்கள். ஓட்டையை எடுத்ததும் நீங்கள், மாற்ற முடியாமல் பூட்டியதும் நீங்கள், நான் போட்டுக்கொண்டால் தண்டனையும் நீங்கள் கொடுப்பீர்களா? கார் யாருடையது?

போன் கம்பெனிகளும் இதில் கூட்டு. 2016இல் ஐபோன் 7 அந்த ஓட்டை இல்லாமல் வந்தது, ஊரெல்லாம் திட்டியது, பிறகு திட்டிய கம்பெனிகளே ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஐபாடையும் 2022இல் நிறுத்திவிட்டார்கள். யாரும் பிளேயர் வைத்திருப்பதில்லை என்று கார்க்காரர் போன்காரரைக் கை காட்டுகிறார், யாரும் வயர் சொருகுவதில்லை என்று போன்காரர் கார்க்காரரைக் கை காட்டுகிறார்.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டெஸ்ட் டிரைவில் மைலேஜையும் பிக்கப்பையும் மட்டும் பார்க்காதீர்கள். தமிழில் பெயர் வைத்த பத்துப் பாட்டை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சொருகுங்கள். பெட்டி பெட்டியாக வந்தால் சேல்ஸ் மேனேஜரையே கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஆக்ஸ் எங்கே என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேளுங்கள். "கம்பெனிக்கு ஃபீட்பேக் சொல்றோம் சார்" என்பார்கள். வாயால் சொன்னால் போதாது, உங்கள் கண்ணெதிரே எழுதி மெயில் அனுப்பச் சொல்லுங்கள், காப்பி உங்களுக்கும் வரட்டும். அது வந்த பிறகு செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.