பேனாக்கத்தியை எதற்கு எமரிச் சக்கரத்தில் வைக்கிறீர்கள்?

மூன்று வாரமாக மனதுக்குள் திட்டிக்கொண்டே இருக்கிறேன். இன்று எழுதியே தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் ஒரு பழைய மடக்குக் கத்தி. தாத்தாவுடையது. பென்சில் சீவ, கயிறு அறுக்க, பார்சல் பிரிக்க என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவர் சட்டைப் பையிலிருந்து வெளியே வரும். அவருக்குப் பிறகு பல வருடம் ஒரு தகர டப்பாவில் கிடந்து, நடுவில் யார் யாரோ கை வைத்து, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தபோது பாதிக்கு மேல் திறக்கவே வரவில்லை. அலகு முழுக்கத் துரு. சரி, பழுது பார்த்து நாமும் தினமும் பயன்படுத்தலாம் என்று ஆசையாக ஆரம்பித்தேன்.

துரு ஒன்றும் பெரிய பாடு இல்லை. ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, காலையில் மெல்லிய ஸ்டீல் நாரால் தேய்த்ததும் சிவப்பு எல்லாம் போய்விட்டது. அடியில் கரும்சாம்பல் நிறத்தில் எஃகு அப்படியே இருந்தது. அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, வருடக்கணக்கான புழக்கத்தில் படிந்தது, மேற்கொண்டு துரு ஏறாமல் ஓரளவு காப்பதும் அதுதான், அதனால் அதைத் தொடவே இல்லை. ஈரமும் காலமும் சேர்ந்து செய்த கெடுதல் அவ்வளவுதான். ஒரு பகல் வேலை. மீதி இருந்ததெல்லாம் மனிதர்கள் செய்தது!

முதலில் முனை. எதையோ நெம்பப் போய் முனை உடைந்திருக்கிறது. கத்தி நெம்புகோல் இல்லை என்பதை எத்தனை தடவை சொன்னாலும் டப்பா மூடியைக் கண்டால் கை அங்கேதான் போகிறது, அதையாவது விட்டுவிடலாம். உடைந்த முனையை யாரோ சரிசெய்திருக்கிறார்கள், அதுதான் தாங்கவில்லை. சாணை பிடிக்கிற எமரிச் சக்கரத்தில் வைத்து, வெட்டும் பக்கத்தை மேல்நோக்கித் தேய்த்துப் புது முனை எடுத்திருக்கிறார்கள். மடக்குக் கத்தியை மூடினால் முதுகு வெளியே தெரியும், கூர் உள்ளே போகும், முனையும் கைப்பிடியின் பள்ளத்துக்குள் பதுங்கிவிட வேண்டும். வெட்டும் பக்கத்தைத் தேய்த்தால் முனை முதுகோடு போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் மூடினாலும் முனை பள்ளத்துக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பையில் கை விட்டேன், நடுவிரலில் ரத்தம். உடைந்த முனைக்கு முதுகுப் பக்கத்தைத்தான் சரித்துக் கீழே கொண்டுவர வேண்டும். இது ரகசிய வித்தையா என்ன? வேலையைத் தொடங்குமுன் ஒரே ஒரு முறை கத்தியை மூடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதைவிட மோசம், அலகின் நுனியில் விரல்நகம் அகலத்துக்கு ஒரு நீலம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எஃகில் அந்த நீலம் வர 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியிருக்க வேண்டும். இந்த மாதிரிக் கார்பன் எஃகை வெளிர் மஞ்சள் நிறம் வரும் 200 டிகிரிக்குச் சற்று மேலேயே பதப்படுத்தி நிறுத்தியிருப்பார்கள், அதைத் தாண்டினால் கடினம் இறங்கிவிடும். மெல்லிய முனையைத் தண்ணீரில் தோய்க்காமல் சுழலும் சக்கரத்தில் அழுத்தினால் அந்தச் சூடு ஏற சில விநாடி போதும். அதன் பிறகு என்னதான் கல்லில் தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் மடங்கி மடங்கிப் போகிறது. மற்ற இடம் காகிதத்தைச் சரசரவென்று அறுக்கிறது, நுனிக்கு வந்ததும் கிழிக்கிறது. வேறு வழியே இல்லாமல் அந்த நீலப் பகுதியைத் தேய்த்தே எடுத்தேன், கையால், ஈரமான 400 எண் சாணைக் கல்லில், ஐந்தாறு இழுப்புக்கு ஒரு தரம் தண்ணீர் தொட்டு. எடுக்கும்போதே முதுகைச் சரித்து முனையையும் உள்ளே இறக்கிக்கொண்டேன். அலகு நீளத்தில் நாலு மில்லிமீட்டர் போச்சு. போனது போனதுதான்.

அப்புறம் பசை. அலகு ஆடுகிறது என்று மூட்டுக்குள் உடனே ஒட்டும் பசையை ஊற்றியிருக்கிறார்கள். ஆடுகிற மூட்டுக்குள் பசையா! அலகைக் கைப்பிடியோடு பிணைக்கும் ரிவெட்டின் தலையை, அடியில் இரும்புக் கட்டை வைத்து, சின்னச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் இறுகிவிடும். தட்டத் தெரியாவிட்டால் ஆடட்டும் என்று விட்டிருக்கலாமே. அந்தப் பசையைக் கரைக்க அசிட்டோன் வேண்டும், ஆனால் கைப்பிடி செல்லுலாய்டு என்கிற பழைய காலத்துப் பிளாஸ்டிக், அசிட்டோன் பட்டால் அதுவும் கரைந்துவிடும். சூடு காட்டி இளக்கலாம் என்றால் செல்லுலாய்டு பற்றிக்கொள்ளும். கடைசியில் கைப்பிடி மேலேயும் மூட்டு கீழேயும் இருக்கும்படி கத்தியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி முனையால் ஒரு சொட்டு, துடைப்பு, இன்னொரு சொட்டு என்று நாலு நாள் மாலை போனது. ஐந்தாம் நாள் அலகு நகர்ந்தபோது கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பாராட்டு வேண்டாம். ஆனால் வந்தவர் போனவர் எல்லாம் "புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமே" என்கிறார்கள் பாருங்கள், அதுதான் ஆறவில்லை. துருப்பிடிக்கிற எஃகு மட்டமான எஃகு என்ற நினைப்பு வேறு. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-இல் குரோமியம் கலந்து துருப்பிடிக்காத எஃகு செய்யும்வரை உலகமே இந்தக் கார்பன் எஃகில்தான் வெட்டிக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் துடைத்து வைத்தால் போதும். மூட்டுக்கு ஒரு சொட்டு மினரல் எண்ணெய், சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது காய்ந்து பிசினாகி மறுபடியும் மூட்டு இறுகும்.

இப்போது கத்தி தினமும் என் பையில்தான். திறக்கும்போது ஸ்பிரிங் "டக்"கென்று அதே சத்தம் போடுகிறது, தாத்தா மத்தியானத்தில் பார்சல் பிரிக்கும்போது கேட்கிற சத்தம்.

நேற்று ஒருவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கறுப்பையெல்லாம் மெஷினில் கொடுத்தால் பளபளவென்று ஆக்கிவிடலாமே, நானே கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வரட்டுமா" என்றார். அவர் கையிலிருந்து வாங்கி, மடக்கி, பைக்குள் போட்டுக்கொண்டேன்.