எட்டு வருடமாக இறங்காத விலை

சரி, பழைய வீடியோ கேம் என்றால் விலை குறைய வேண்டாமா? மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 2017 ஏப்ரலில் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் கேம் கருவிக்கு வந்தபோது அமெரிக்காவில் 60 டாலர். எட்டு வருடம் கழித்து அடுத்த பாகம் 80 டாலருக்கு வந்த பிறகும் பழையதன் பட்டியல் விலை அதே 60. இத்தனைக்கும் அது 2014-இல் அவர்களுடைய முந்தைய வீ யூ கருவிக்கு வந்ததை மெருகேற்றிய பதிப்புதான்!

விலை நிற்பதால் விளையாடி முடித்து நல்ல விலைக்கு விற்றுவிடலாமே என்கிறார்கள். கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜை வாங்கியவருக்கு அது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். டிஜிட்டலாக, அதாவது டவுன்லோடாக வாங்கியவர் எதை விற்பார்? அவரும் அதே 60 தானே கொடுத்தார். அப்புறம், செகண்ட் ஹேண்டில் வாங்கக் காத்திருப்பவரை யார் நினைக்கிறார்கள்? விற்பவருக்குக் கிடைக்கும் அந்த நல்ல விலை இவர் பையிலிருந்துதான் போகிறது.

வீ யூ-வுக்கும் முந்தைய வீ கருவியின் காலத்தில் இதே நிண்டெண்டோ, நன்றாக விற்ற கேம்களை 'நிண்டெண்டோ செலக்ட்ஸ்' என்று 20 டாலருக்குக் கொடுத்தது. ஸ்விட்சுக்கு அது வரவே இல்லை. வந்த நாளில் வாங்க முடியாத பிள்ளைகள் சில வருடம் பொறுத்தால் வாங்கலாம் என்றிருந்த வழியை அடைத்துவிட்டார்கள். எப்போதாவது தள்ளுபடி வரும். அதுவும் சில நாள்தான்.