வளையாத ஸ்கோப் ஆபத்தானதா?

சேலம், ஏற்காடு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கல் ஆபரேஷனுக்கு வளையாத ஸ்கோப் பழசு, சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளையும் ஸ்கோப் கேளுங்கள், அதற்கு முன்தயாரிப்பே வேண்டாம்." இரண்டுமே தவறு.

ஸ்கோப் என்பது சிறுநீர் வரும் வழியாக உள்ளே செலுத்தி, கல்லைப் பார்த்து எடுக்க உதவும் மெல்லிய கருவி. எந்த ஸ்கோப் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது கல் இருக்கும் இடமும் அதன் அளவும்தான். சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் சிக்கிய கல்லுக்கு வளையாத ஸ்கோப் நேராகப் போய்ச் சேரும். காட்சியும் தெளிவாக இருக்கும். உலகெங்கும் இன்றும் அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். சிறுநீரகத்தின் உள்மடிப்புகளில் கல் இருந்தால் அங்கே திரும்பிப் போக வளையும் ஸ்கோப் வேண்டும். சிறுநீரகக் கல் 2 சென்டிமீட்டரைத் தாண்டினால், பெரும்பாலும் முதுகுப்பக்கம் சிறு துளையிட்டு எடுக்கும் முறையையே சொல்வார்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது "முன்தயாரிப்பு வேண்டாம்" என்ற வரிதான். எந்த ஸ்கோப்பானாலும், சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை அவசியம். கிருமி இருப்பது தெரியாமல் உள்ளே தண்ணீர் பாய்ச்சினால், தொற்று ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. அப்புறம், சிறுநீர் தடையில்லாமல் இறங்க சிறுநீர்க்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாயான ஸ்டென்ட், இரண்டு ஸ்கோப்பிலும் தேவைப்படலாம். சிறுநீர்க்குழாய் குறுகலாக இருந்தால், முதலில் ஸ்டென்ட் மட்டும் வைத்துவிட்டு, ஓரிரு வாரம் கழித்துக் கல்லை எடுப்பதும் உண்டு.

கல் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால், ஏற்காட்டிலிருந்து மலை இறங்க வேண்டியிருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.