தலைக்கு ஆயிரம் கணக்கு சரிவராது
'பிள்ளைக்குத் தலா 1,000 ரூபாய் ஒதுக்கினால் கிறிஸ்துமஸ் பரிசில் சண்டை வராது' என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நாலு வயசுக்கும் பன்னிரண்டு வயசுக்கும் அது ஒத்துவராது. சின்னது பொட்டலத்தை எண்ணும், பெரியது விலையைப் பார்க்கும். சின்னதுக்கு 150 ரூபாயில் மூன்று, பெரியதுக்கு உருப்படியாக ஒன்று, மொத்தம் கட்டுக்குள் இருந்தால் போதும். அந்த மொத்தம், டிசம்பர் வரவில் துணி, தையல் கூலி, கேக், ஜனவரிப் பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதுதான். ஓசூர் கம்பெனிச் சம்பளக்காரருக்கு இது சரி; கிருஷ்ணகிரி மாவட்டத்து எலத்தகிரி பக்கம் மாந்தோப்பை நம்பியிருப்பவர்களுக்குக் காசு வருவது மே, ஜூனில். மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்ப்பதைவிட, அவர்கள் அறுவடைப் பணத்திலேயே எடுத்து வைப்பது மேல். கையைக் கடிப்பது விலைச்சீட்டில் இல்லாத செலவு. பல ரிமோட் கார்கள் பேட்டரி செல் இல்லாமல்தான் வரும். காருக்கு மூன்று, ரிமோட்டுக்கு இரண்டு என்று போட்டாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். சைக்கிளுக்கு ஸ்டாண்டு, பெல், பூட்டு தனிக்காசு. 'வளர்ற பிள்ளைதானே' என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள், சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையில் ஊன்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி திண்ணையோரம் துருப்பிடிக்கும். மலிவு பொம்மையில் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், 2021 ஜனவரி முதல் கட்டாயம். பட்டன் செல் மூடியில் திருகாணி இல்லையென்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.