ஜெயம் எடுத்தவர்களுக்கு மட்டும்தான் மைக்கா?

போன ஞாயிறு ஆராதனையில் நடந்தது இந்நேரம் சபை வாட்ஸாப் குரூப்பைத் தாண்டி வெளியூர் சொந்தக்காரர்கள் வரைக்கும் போயிருக்கும். அதனால் முழுக்கதையும் எழுதப் போவதில்லை. நம் சபைப் பிள்ளை ஒருத்தி சாட்சி நேரத்தில், அதாவது கர்த்தர் தனக்குச் செய்ததை அவரவர் சொல்கிற நேரத்தில் எழுந்து, "எட்டு மாசமா மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறேன், இன்னும் முழுசா சரியாகல, ஆனாலும் கர்த்தர் என்னைக் கைவிடல" என்று சொல்லி முடிப்பதற்குள், சிறப்புச் செய்தி கொடுக்க வந்த ஐயா மைக்கை வாங்கிக்கொண்டார். "முதல்ல ஜெயம் எடும்மா, அப்புறம் வந்து சாட்சி சொல்லு. இது சாட்சி இல்ல, புலம்பல்." ஜெயம் எடுப்பது என்றால் அவர் கணக்கில் முழுசாகச் சுகமாவது. சபையும் ஆமென் போட்டது.

புலம்பல் என்று ஒரு புத்தகமே வேதத்தில் இருக்கிறது ஐயா. எரேமியாவுக்கும் எசேக்கியேலுக்கும் நடுவில். நேரம் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள்.

அவள் சொன்னது சாட்சிதான். சொல்ல வந்தது இவ்வளவுதான், இதைத்தான் கீழேயும் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

"என் கிருபை உனக்குப்போதும்." நம்மில் பாதிப் பேர் வீட்டில் வாசல் நிலைக்கு மேலே தொங்குகிற வசனம். வருடப் பிறப்பு வாக்குத்தத்த அட்டையில் இது வந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போகிறோம். இது எப்போது சொல்லப்பட்டது? அப்போஸ்தலன் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை, அதாவது தீராத ஒரு உபாதையை, எடுத்துவிடும்படி மூன்று தரம் கெஞ்சிக் கேட்டபோது. முள் எடுபடவில்லை. அதற்குக் கிடைத்த பதில்தான் "பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்." நம் ஐயா கணக்குப்படி பவுலும் ஜெயம் எடுக்காதவர்தான். மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியவர்தான்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் அதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். கொரிந்துவில் "மகா பிரதான அப்போஸ்தலர்" என்று சிலர் பெருமையடித்துக்கொண்டு திரிகிறார்கள், பவுலைப் பார்த்தால் ஆளும் சரியில்லை பேச்சும் சரியில்லை என்று ஏளனம். சரி, நானும் மேன்மைபாராட்டுகிறேன் என்று ஆரம்பித்து இவர் சொல்வது என்ன? வாங்கின அடி, கப்பற்சேதம், பசி, தாகம். கடைசியில் தமஸ்குவில் ராத்திரியோடு ராத்திரியாகக் கூடையில் உட்காரவைத்து ஜன்னல் வழியாக மதிலுக்கு வெளியே இறக்கிவிட்ட கதை. காய்கறி மூட்டை மாதிரி இறங்கினதை ஒரு மனுஷன் சாட்சியாக எழுதி வைத்திருக்கிறார், நாம் அதை வேதபாடமாக வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலர் கேட்கலாம். என் முகவாதம் ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். 2016இல் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது வாய்த் தண்ணீர் இடது பக்கமாகத் தானாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்குகிறது. இடது கண் மூடாது, ராத்திரி பிளாஸ்திரி ஒட்டித்தான் படுப்பேன். அது கூடப் பரவாயில்லை. உதடு ஒட்டாததால் 'ப' வராது, 'ம' வராது. பதினைந்து வருடம் பீடத்தருகே நின்று வேதபாடம் வாசித்து, குரல் நல்ல குரல் என்று பேர் வாங்கினவன் நான். "பரமண்டலத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று சொல்லிப் பாருங்கள், அதில் எத்தனை ப, எத்தனை ம என்று அப்போதுதான் எண்ணினேன். திருவிருந்தில் திராட்சரசம் தாடை வழியாக வழிந்து வெள்ளைச் சட்டையில் சொட்டியது. பக்கத்தில் முழங்காலில் நின்ற ஒரு பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் துண்டால் துடைத்துவிட்டார். நான் அவரிடம் அதுவரை முகம் கொடுத்துப் பேசினதில்லை. கமிட்டித் தேர்தலில் எதிரணி.

அந்த மூன்று மாதம் ஜெபித்த மாதிரி நான் அதற்கு முன்னும் பின்னும் ஜெபித்ததில்லை. சத்தமே இல்லாத ஜெபம். இடது ஓரம் இன்றைக்கும் லேசாகக் கோணல்தான், போட்டோவில் தெரியும். ஆக நானும் முழு ஜெயம் எடுக்கவில்லை.

"அப்படியென்றால் சுகமாக்கும் வல்லமையை நம்பவில்லையா அண்ணாச்சி?" நம்புகிறேன். தன் ஊழியக்காரத் தம்பி தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று எழுதின அதே பவுலை நம்புகிற மாதிரி நம்புகிறேன். ஐயா அன்றைக்கு மூக்குக்கண்ணாடி போட்டுத்தான் வசனம் வாசித்தார். கண்ணாடி போட்டால் குறையாத விசுவாசம் மாத்திரை போட்டால் மட்டும் எப்படிக் குறைகிறது?

"அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே." சரி, தொடவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் அபிஷேகம் இல்லாதவளா, அவளைத் தொடலாமா?

"சபைக் காரியத்தை முகநூலில் எழுதலாமா?" எழுதியாகிவிட்டது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

டோனாவூர் நமக்கு எவ்வளவு தூரம்? அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931இல் விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை அநேகமாக அறையும் படுக்கையுமாகத்தான் இருந்தார். எழுந்து நடந்து ஜெயம் காட்டவில்லை, படுத்துக்கொண்டே எழுதினார். அவர் கல்லறையில் கல் கூடக் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு தொட்டி, அதில் "அம்மா" என்று ஒரே சொல். பஸ் பிடித்துப் போய்ப் பார்த்து, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தவர்கள்தானே அன்றைக்கு ஆமென் போட்டதும்?

அந்த ஆமெனில் என்னுடையது இல்லை என்று எழுதத்தான் ஆசை. ஆமென் சொல்லவில்லை, ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. மூன்றாவது வரிசையில் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. முகம் கோணுவதற்கு முன்னால், சர்க்கரை நோயில் கால் எடுத்த ஒரு அக்காவைப் பார்க்கப் போய், கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "விசுவாசம் பத்தலக்கா" என்று சொன்னவன் நான். அவர்கள் சிரித்துக்கொண்டே காபி குடிக்கச் சொன்னார்கள். நானும் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அந்த அக்கா இப்போது இல்லை.

புதன்கிழமை ராத்திரி அந்தப் பிள்ளையின் அம்மா போன் பண்ணினார்கள். "ஞாயித்துக்கிழமையிலிருந்து மாத்திரையைத் தொடமாட்டேங்கா அண்ணாச்சி. தூங்கவும் மாட்டேங்கா." நானும் என் மனைவியும் அப்போதே போனோம். நான் பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை, அவளுடைய டாக்டருக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தேன், பேசினாள். என் மனைவி தோசை சுட்டுக் கொடுத்தாள். இரண்டு தின்றுவிட்டு, டம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைப் போட்டா சாட்சி கெட்டுருமா மாமா?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. என் வாயைத் தொட்டு, அந்த இடது ஓரத்தைக் காட்டினேன். போட்டுக்கொண்டாள்.