வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் படம் எடுக்கமாட்டார்கள்

திருவிழா நிறைவுக் கூட்டத்தில் மைக் பிடித்தவர் என்ன பேசினார் என்று நம் பங்குக் கோயில் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு வராதவர்களுக்கும் இதற்குள் வீடியோ வந்து சேர்ந்திருக்கும். எல்லாச் சபைக்கும் திரையில் படம் ஓடியது. இளைஞர் இயக்கத்துக்கு ஓடியது, மரியாயின் சேனைக்கு ஓடியது, ஏழைகளின் வீடு தேடிப் போய் உதவுகிற எங்கள் வின்சென்ட் தே பவுல் சபை என்று வந்தபோது மட்டும் வெறும் எழுத்து. உடனே "ஒரு போட்டோகூட இல்லையே, இவங்க வருஷம் முழுக்க என்னதான் செஞ்சாங்க?" என்று ஒரு கேள்வி, அதற்குப் பந்தல் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக்கூட நான் விட்டிருப்பேன். மறுநாள் காலையில் பங்கு வாட்ஸாப் குழுவில் ஒருவர், எங்களுக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "இதோ பாருங்க, இவங்களும் செய்யத்தான் செய்றாங்க" என்று ஒரு வீட்டு வாசலின் படத்தைப் போட்டாரே, அதைத்தான் விட முடியவில்லை. பிறகு நீக்கிவிட்டார், சரி. நீக்குவதற்குள் அது எத்தனை போனுக்குப் போனது என்று அவருக்குத் தெரியுமா?

அந்த வீட்டைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரிகூட எழுதமாட்டேன். யார், எந்தத் தெரு, என்ன கஷ்டம் என்று கீழே கமெண்டில் கேட்கிறவர்களுக்கும் பதில் வராது. நான் சொல்ல வந்ததே அதுதான்.

நாங்கள் படம் எடுக்கமாட்டோம். மறதியால் அல்ல, போன் இல்லாததால் அல்ல, செய்ததற்கு அத்தாட்சி இல்லாததாலும் அல்ல. உதவி வாங்குகிறவர் நாளைக்கும் இதே ஊரில்தான் நடக்க வேண்டும், இதே கோயிலில்தான் முழங்கால் போட வேண்டும், அவருடைய பிள்ளைகள் இதே பள்ளிக்கூடத்தில்தான் உட்கார வேண்டும். ஐந்து கிலோ அரிசியைக் கொடுத்துவிட்டு அவர் முகத்தை எடுத்துக்கொண்டு வருவதற்கு எங்களுக்கு என்ன உரிமை?

இந்தச் சபை எப்படி நடக்கிறது என்று தெரியாமலேதான் பாதிப்பேர் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் உட்காருவோம். ஜெபம், ஒரு வாசகம், போன வாரம் எந்த வீடுகளுக்குப் போனோம், இந்த வாரம் எங்கே போக வேண்டும் என்ற பேச்சு. கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும். ரகசியப் பை என்போம். கையை மூடிக்கொண்டு உள்ளே விட வேண்டும், மூடிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். ஐந்நூறு போட்டவரா, பத்து ரூபாய் போட்டவரா, ஒன்றுமே போட முடியாமல் வெறுங்கையை விட்டு எடுத்தவரா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. மழைக்காலத்தில் பால்வெட்டு இல்லாமல் வீட்டில் இருக்கிற ரப்பர் தொழிலாளியும், கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்த ஆளும் ஒரே மாதிரிதான் அந்தப் பைக்குள் கை விடுகிறார்கள். கொடுக்கிறவன் எவ்வளவு கொடுத்தான் என்றே சொல்லக்கூடாது என்று வைத்திருக்கிற சபையில், வாங்கினவர் யார் என்று திரை போட்டுக் காட்ட வேண்டுமாம்.

இது ஏதோ நம் ஊர்க் கிழவர்கள் கண்டுபிடித்த பழக்கமும் அல்ல. 1833-ல் பாரிஸில் இந்தச் சபையைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். அவர்களில் முக்கியமானவரான பிரெடரிக் ஓசானாமுக்கு அப்போது இருபது வயது. அதற்கு முந்தின வருடம்தான் அந்த நகரத்தில் காலரா வந்து ஆயிரக்கணக்கில் ஏழைகளைக் கொண்டுபோயிருந்தது. ஒரு விவாதத்தில் எதிர்த்தரப்பு மாணவர்கள் கேட்டார்கள்: உங்கள் திருச்சபை ஒரு காலத்தில் பெரிய காரியங்கள் செய்திருக்கலாம், இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நம் பந்தலில் வந்த அதே கேள்விதான். ஓசானாம் என்ன செய்தார்? மேடை போட்டுப் பதில் சொல்லவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ரோசாலி ராந்து என்கிற கன்னியாஸ்திரியிடம் போய், ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொண்டார். 1863-லேயே இந்தியாவுக்கும் வந்துவிட்ட சபை இது. 1997-ல் ஓசானாமுக்கு, புனிதருக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள், ரோசாலிக்கு 2003-ல். ஓசானாம் சாமியாரும் இல்லை, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, கல்லூரியில் பாடம் நடத்தின ஆள்.

அமெரிக்காவில் இருக்கிற நம் பங்குப் பையன் ஒருவர் எழுதியிருந்தார், அங்கே நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்று ஆண்கள் சபை இருக்கிறது, எவ்வளவு ஒழுங்காக ஆண்டறிக்கை போடுகிறார்கள், எத்தனை மணி நேரம் சேவை செய்தோம் என்றுகூடக் கணக்கு வைக்கிறார்கள், நீங்களும் அப்படிச் செய்யலாமே என்று. நல்ல மனதோடுதான் எழுதினார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சபையை 1882-ல் மக்கிவ்னி என்கிற இளம் குருவானவர் தொடங்கியதே, சம்பாதிக்கிற ஆண் செத்துப்போனால் அந்தக் குடும்பம் யாரிடமும் கையேந்தி நிற்கக் கூடாது என்றுதான். கையேந்தி நிற்க விடக்கூடாது! அதைப் பிடித்துக்கொள்ளாமல் அறிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி? அறிக்கை நாங்களும் கொடுக்கிறோம். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எத்தனை குடும்பம், எல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது, பங்குத்தந்தை பார்க்கிறார், எங்கள் சபையின் மேல்மட்டக் குழு பார்க்கிறது. காசுக்குக் கணக்குக் கேளுங்கள், தருகிறோம். முகத்துக்குக் கணக்குக் கேட்காதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று சில நண்பர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். சொல்கிறேன், இதுவரை இங்கே எழுதியதில்லை. அப்பா படுத்த படுக்கையாக இருந்த காலம் அது. அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப் பருப்பு ஆலைக்கு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், அந்தக் கூலியில் மருந்தா சோறா என்றுதான் வீட்டில் பேச்சே இருக்கும். அப்படி இருந்தும் என் பள்ளிக்கூடக் கட்டணம் ஒரு வருடமும் நிற்கவில்லை, ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம் வராமல் இருந்ததில்லை. அம்மா சீட்டுப் போட்டிருக்கிறாள் என்றுதான் நான் நம்பினேன். எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். வின்சென்ட் தே பவுல் சபையிலிருந்து இரண்டு பேர் விளக்கு வைத்த பிறகு வருவார்களாம், நான் டியூஷனுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து. அதில் ஒருவர் என் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் அப்பா. நான் அவர்கள் வீட்டு முற்றத்தில் விளையாடியிருக்கிறேன், அவர் கையால் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு பார்வையில்கூட அவர் காட்டிக்கொண்டதில்லை. அவருடைய மகனுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தாலும் அது அவன் அப்பாதான் என்று அவனுக்குத் தெரியப்போவதில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

அதே காலத்தில் வேறு ஓர் அமைப்பு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து இலவச நோட்டுக் கொடுத்தது. ஒரு பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு, "தகப்பனை இழந்த பிள்ளை" என்று மைக்கில் சொல்லி, கையில் நோட்டைக் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைக்கு அதுவரை வகுப்பில் ஒரு பெயர் இருந்தது. அதற்குப் பிறகு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். நோட்டு ஒரு வருடத்தில் தீர்ந்துபோனது, பெயர் பத்தாம் வகுப்பு வரைக்கும் கூட வந்தது. இதைக் கண்ணால் பார்த்தவன் நான். என்னிடம் வந்து போட்டோ எங்கே என்று கேட்கிறீர்கள்.

"உங்கள் ஒளி மனிதர்முன் ஒளிரட்டும் என்று மத்தேயுவில் இருக்கிறதே" என்று ஒருவர் வசனம் போட்டிருக்கிறார். இருக்கிறது, ஐந்தாம் அதிகாரம். ஒரு பக்கம் தள்ளி ஆறாம் அதிகாரத்தையும் படிக்க வேண்டும். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று அங்கேதான் சொல்லியிருக்கிறது. ஒளிர வேண்டியது நம் நடத்தை. அதற்கு அடுத்தவர் வறுமையை விளக்காகப் பிடிக்கச் சொல்லி ஆண்டவர் எங்கும் சொல்லவில்லை.

"படம் போட்டால்தான் வெளிநாட்டிலிருந்து காசு வரும், நாலு குடும்பத்துக்குப் பதிலாக நாற்பது குடும்பத்துக்குச் செய்யலாம்." வரும், மறுக்கவில்லை. அப்படி வருகிற காசு வேண்டாம், அவ்வளவுதான். முகம் பார்க்காமல் நம்பிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கொடுப்பது போதும். போதாத மாதங்களில் நாங்கள் நடையைக் கூட்டிக்கொள்கிறோம்.

"அரிசி கொடுத்தால் வறுமை ஒழிந்துவிடுமா?" இதைக் கேட்கிற தோழர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் நாங்கள் அரிசி மட்டும்தான் கொடுக்கிறோம் என்று உங்களுக்கு யார் சொன்னது? முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதி, தாலுகா ஆபீஸ் வாசலில் அந்தப் பாட்டியோடு காலையிலிருந்து நிற்கிறவர் எங்கள் ஆள். மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு அலைகிறவர் எங்கள் ஆள். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் ஆள் துணை இல்லாத நோயாளிக்கு ராத்திரி பெஞ்சில் படுத்திருக்கிறவர் எங்கள் ஆள், அதுவும் மறுநாள் அதிகாலையில் பால்வெட்டுக்குப் போக வேண்டிய ஆள். அந்தப் பாட்டி எந்த மதம், எந்தச் சாதி என்று சபையில் பேச்சே வராது. 2017-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் பக்கம் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, சபைக்காரர்களில் பலர் அதில்தான் பிழைக்கிறவர்கள், அதை அப்படியே போட்டுவிட்டு மீனவ ஊரான தூத்தூர் பக்கம் போனோம். போன இடமெல்லாம் கேமரா. கணவன் கடலிலிருந்து வருவானா மாட்டானா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டுகிறார்கள். எங்கள் மூத்தவர் ஒருவர் எங்களிடம் போனை எல்லாம் வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். போய் உட்கார்ந்தோம், அவர்களோடு ஜெபமாலை சொன்னோம், கேட்டதை வாங்கிக் கொடுத்தோம். அதற்கெல்லாம் என்னிடம் ஒரு படமும் இல்லை.

"ஏன் ஆம்பிளைங்க மட்டும்?" உலக அளவில் இந்தச் சபையில் பெண்களும் இருக்கிறார்கள். நம் பங்கில் சேர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வாருங்கள். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், சாயங்காலமானால் ஆண்கள் எங்கே கூடுகிறார்கள், கூடினால் என்ன நடக்கிறது என்று இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு நடுவில் இருபது ஆண்கள் வாரம் தவறாமல் உட்கார்ந்து, அடுத்தவர் வீட்டுக் கஷ்டத்தைப் பேசி, அதை வெளியே போய்ப் பேசாமல் இருக்கிறார்களே, அது சின்ன விஷயமா? பேசாமல் இருப்பது அவ்வளவு லேசானதா? என்னைக் கேளுங்கள்.

வெறும் சமூக சேவைதானே, எதற்கு ஜெபமும் வாசகமும் என்று கேட்கிறவர்களும் உண்டு. ஜெபம் இல்லாமல் என்னால் அந்த வீடுகளுக்குப் போக முடியாது, எனக்குத் தெரிந்த பதில் இதுதான். சில வீடுகளில் திட்டுவார்கள், சில வீடுகளில் குடித்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள், அடுத்த வாரமும் போக வேண்டும். விசுவாசம் சாமியார்களுக்கும் கன்னியர்களுக்கும் மட்டும் என்று நினைக்கிற ஊரா இது? நட்டாலத்துத் தேவசகாயம் யார்? மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் வேலை பார்த்த குடும்பஸ்தர். 1752-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள், 2022-ல் புனிதர் ஆக்கினார்கள், இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்று நாம்தான் பட்டாசு போட்டோம், ஊருக்கு ஊர் கொடி கட்டினோம். வீட்டில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிற ஒருவன் தன் விசுவாசத்தை வாழ்ந்து காட்ட முடியும் என்பதற்கு இந்த மண்ணிலேயே ஆள் இருக்கும்போது, வேட்டி கட்டிய நாலு பேர் ஜெபம் சொல்லிவிட்டு ஏழை வீட்டுக்குப் போனால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

சிரித்தவர்களில் பாதிக்குமேல் இளைஞர்கள். அதுதான் ரொம்ப வலித்தது. எங்கள் சபையில் இப்போது பெரும்பாலும் தலை நரைத்தவர்கள், இரண்டு பேருக்கு மூட்டு வலி, ஒருவருக்குக் கண் சரியாகத் தெரியாது, அவரைக் கையைப் பிடித்துத்தான் படி ஏற்றுகிறோம். கொரோனா நேரத்தில் உறவுக்காரர்களே பெட்டியைத் தொடப் பயந்தபோது கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இவர்கள். யாருடைய பெட்டி என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டோம். எங்கள் குறிப்பேட்டைத் திறந்து ஒரு பக்கம் வாசித்தால் அன்றைக்குப் பந்தலில் எத்தனை பேருக்குச் சிரிப்பு நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் முழங்காலில் கை வைத்து அழுத்தினார், பேசாமல் இருந்துவிட்டேன்.

ஜூன் பிறக்கப்போகிறது. பள்ளிக்கூடம் திறக்கும், மழை பிடித்தால் பால்வெட்டு நிற்கும், மேற்குக் கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். வருடம்தோறும் இந்த மாதத்தில்தான் கேட்டு வருகிறவர்கள் அதிகம், கேட்கக் கூச்சப்பட்டு வராமல் இருப்பவர்கள் அதைவிட அதிகம், அவர்களை நாங்கள்தான் தேடிப் போக வேண்டும். இருக்கிற ஆட்களால் எல்லா வீட்டுக்கும் போய் முடியவில்லை. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பழைய பாடற்குழு அறையில் இருப்போம். காசு கொண்டுவர வேண்டும் என்று இல்லை. வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒதுக்க முடிகிறவர்கள் வாருங்கள்.